தெற்கே வைத்த பாரம்

எங்கள் வீட்டில் அந்தத் திசைகாட்டிக்கு வடக்குப் பெட்டி என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைச் சிமிழ், மேலே கண்ணாடி, உள்ளே வெள்ளை முகப்பு, நடுவில் நீல முனை கொண்ட ஊசி. கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் அப்பா தோட்ட வேலை பார்த்தார். அந்த வீட்டுத் துரையும் துரைசாணியும் ஒரேயடியாக இங்கிலாந்துக்குத் திரும்பியபோது சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சமையல்காரருக்கு அடுப்பு, காவல்காரருக்கு இரண்டு கம்பளி, அப்பாவுக்கு ஒரு மண்வெட்டியும் இந்தச் சிமிழும். அடுப்பைக் கப்பலில் ஏற்ற முடியாது, சரி. சட்டைப் பையில் அடங்குகிற இதை ஏன் விட்டுப் போனார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். "இதற்கு இந்த மலை பிடிக்கவில்லை என்று துரை சிரித்துக்கொண்டே கொடுத்தார்" என்பார் அப்பா. துரைமார் நகைச்சுவை என்று அதை நாங்கள் விட்டுவிட்டோம். அந்த வாக்கியத்துக்குள் ஒரு பாடப்புத்தகத்தின் கால் பங்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று தெரிய எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

பெட்டிக்கு ஒரு நோய் உண்டு. சமமான மேசையில் வைத்தால் ஊசியின் நீல முனை மேலே எழும்பிக் கண்ணாடியை முட்டும். மறுமுனை, அதாவது தெற்கைக் காட்ட வேண்டிய முனை, தாழ்ந்து முகப்பில் உரசி நிற்கும். உரசியபின் ஊசி எங்கே திரும்புவது? பெட்டியைத் திருப்பினால் அதுவும் கூடவே வரும். அப்பா இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பெட்டியைத் தெற்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார். முகப்பு கீழே இறங்க, ஊசி விடுபட்டு ஆடும். "கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டால் சொல்லிவிடும்" என்பார். தெற்கு எது என்று தெரிந்தால்தானே தெற்குப் பக்கமாகச் சாய்க்க முடியும், அது தெரிந்தால் பெட்டி எதற்கு என்று நான் கேட்டதில்லை. அப்பாவிடம் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. மன்னவனூர்ப் பக்கம் பனிமூட்டத்தில் வழி தவறிய ஒரு மாலையில் அவர் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே எங்களை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்த்தால் ஊசி ஆடுகிறதோ அதுதான் தெற்கு என்று அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் காந்தவியல் பாடம் வந்தது. வீட்டில் திசைகாட்டி உள்ள ஒரே மாணவன் நான்தான். பெருமையோடு எடுத்துப் போனேன். அறிவியல் வாத்தியார் அதை மேசையில் வைத்தார். ஊசி உரசி நின்றது. பெட்டியைக் கால் வட்டம் திருப்பினார். வடக்கும் கால் வட்டம் திரும்பியது. இன்னொரு கால் வட்டம். இப்போது வடக்கு வத்தலகுண்டுப் பக்கம் போய்விட்டது. வகுப்பு சிரித்ததில் தவறில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். சாய்த்துப் பிடிக்க வேண்டும் சார் என்று நான் சொன்னேன். சாய்த்துப் பிடித்தால் சரியாகக் காட்டுகிற கருவி கருவியே இல்லை என்றார் அவர். பிறகு சட்டகத்தில் நூல் கட்டி ஒரு சட்டக் காந்தத்தைத் தொங்கவிட்டார். அது ஆடி அடங்கி, புத்தகம் சொன்னபடி, மட்டமாக, வடக்கு தெற்காக நின்றது. "தடையின்றித் தொங்கவிடப்பட்ட காந்தம் எப்போதும் வடக்கு தெற்குத் திசையில் நிற்கும்." எல்லோரும் எழுதிக்கொண்டோம். என் குறிப்பேட்டில் மட்டும் அவர் சிவப்பு மையில் இரண்டு சொற்களை எழுதினார்: கருவிப் பிழை.

அவர் கெட்ட மனிதர் அல்லர். நன்றாகப் பாடம் நடத்துவார். ஆனால் அந்த இரண்டு சொற்கள் செருப்பில் புகுந்த மணல் போல எத்தனையோ வருடங்கள் கூடவே நடந்து வந்தன. பிழை என்றால் என்ன பிழை? யார் செய்த பிழை? அவ்வளவு நேர்த்தியாகப் பித்தளை கடைந்து, முகப்பில் முந்நூற்று அறுபது கோடுகளையும் கை நடுங்காமல் வரைந்தவன், ஊசியை மட்டும் கோணலாக வைத்து அனுப்புவானா?

ஸ்டியரிங்கில் இரண்டு கைகள்

இந்தக் கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து பேரன் வந்திருந்தான். பத்தாம் வகுப்புக்குப் போகிறான். மழை விடாமல் பெய்த ஒரு நாளில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து வடக்குப் பெட்டியை எடுத்துவிட்டான். ஊசி உரசி நின்றது. அதற்கும் வயதாகிவிட்டதே தவிர குணம் மாறவில்லை. கதையைச் சொன்னேன். "வடதுருவம் ஊசியை இழுக்கிறது, அதனால் அது வடக்கே போகப் பார்க்கிறது. அந்த இழுப்பில் ஏதோ கோளாறு தாத்தா" என்றான் அவன்.

இழுக்கிறது என்ற சொல் எனக்கு இடறியது. அஞ்சல் துறையில் முப்பத்தைந்து வருடம் தபால் பிரித்தவன் நான், இயற்பியல் படித்தவன் அல்லன். ஆனால் ஓய்வு பெற்றபின் பழைய பாடப்புத்தகங்களை வாங்கிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மற்றவர்கள் கோவிலுக்குப் போகிறார்கள். ஒரு தையல் ஊசியை எடுத்துப் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தில் ஒரே பக்கமாக இருபது முறை தேய்த்தோம். ஒரு துண்டு இலையின் மேல் அதை வைத்துப் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். இலை திரும்பியது. தயங்கியது. வடக்கு தெற்காக நின்றது. "சரி, இழுத்தால் இப்போது அது வடக்குக் கரைக்குப் போக வேண்டும் அல்லவா? பார்த்துக்கொண்டிரு" என்றேன். அரை மணி நேரம் பார்த்தான். இலை நடுவிலேயே நின்றது, எங்கும் போகவில்லை.

கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய வழி உண்டு. வத்தலகுண்டிலிருந்து ஏறுகிற பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டைஊசி வளைவில் அவர் கைகளைப் பாருங்கள். வலது கை கீழே இழுக்கிறது, இடது கை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், இரண்டும் எதிரெதிர். ஸ்டியரிங் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயே திரும்புகிறது. பாடப்புத்தகம் இதற்கு இரட்டை என்று பெயர் வைத்திருக்கிறது. ஊசியின் வட முனையைப் பூமியின் காந்தப்புலம் ஒரு பக்கம் தள்ளுகிறது, தென் முனையை அதே அளவு மறுபக்கம் தள்ளுகிறது. பூமி பெரியது, ஊசி சிறியது. ஊசியின் இரு முனைகளும் இருக்கிற இடத்தில் புலம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே நகர்த்தும் விசை மிச்சமில்லை, திருப்புவது மட்டும் மிச்சம். அலமாரிக் கதவில் ஒட்டுகிற காந்தத்தைப் பார்த்தே நாம் காந்தத்தை அறிமுகம் செய்துகொள்வதால் காந்தம் என்றால் இழுப்பது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. பூமி ஊசியை இழுப்பதில்லை. திருப்புகிறது, அவ்வளவுதான்.

பேரனுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். "திருப்புகிறது, சரி. ஏன் கீழே சாய்கிறது?" என்றான். அவனுடைய அக்காவின் பழைய மேல்நிலை வகுப்புப் புத்தகம் இருந்தது, எடுத்துப் பிரித்தோம். காந்தச் சரிவு. பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. துருவத்தில் அது செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோட்டில் மட்டமாகப் படுத்திருக்கிறது. இடையில் உள்ள ஊர்களில் சரிந்திருக்கிறது. சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் என்பது புலத்தின் செங்குத்துக் கூறை, அதாவது கீழ்நோக்கிய பங்கை, கிடைத்தளக் கூறால், அதாவது தரையோடு ஓடுகிற பங்கால், வகுத்தது. நானும் ஒரு காலத்தில் இதை மனப்பாடம் செய்தவன்தான். இரண்டு மதிப்பெண் கேள்வி. எங்கள் ஊரில் அது எவ்வளவு என்று கேட்க எனக்கும் தோன்றியதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

பேரனின் கைபேசியில் காந்தப்புலத்தை மூன்று திசைகளிலும் அளக்கிற செயலி ஒன்று இருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து விலகி, வாசலில் கல் மேடையில் மட்டமாக வைத்துப் பார்த்தோம். கிடைத்தளத்தில் நாற்பது மைக்ரோடெஸ்லாவை ஒட்டி; காந்தப்புலத்தின் வலிமையை அளக்கிற அலகு அது. செங்குத்தாக ஒற்றை இலக்கம். வகுத்துப் பார்த்தால் சரிவு சில டிகிரிகளே. இங்கேதான் விஷயம் சிக்கலானது. ஒன்று, சில டிகிரி சரிவு ஊசியைக் கண்ணாடியில் முட்ட வைக்காது. இரண்டு, அந்தச் சிறிய சரிவும் வடக்கு முனையைத்தான் தாழ்த்த வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள எல்லா ஊர்களிலும் அப்படித்தான். எங்கள் ஊசியில் தாழ்ந்திருந்ததோ தெற்கு முனை. "இது ஆஸ்திரேலியாவுக்குச் செய்த திசைகாட்டியாக இருக்குமா தாத்தா?" என்றான் பேரன். அங்கே தெற்கு முனைதான் தாழும் என்று அவன் கணக்கு. தவறான விடைதான். ஆனால் ஐம்பது வருடமாக நான் கேட்காத கேள்வி அதற்குள் இருந்தது: இது எந்த ஊருக்குச் செய்தது?

மூஞ்சிக்கல் கடிகாரக்காரர்

மூஞ்சிக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு கடிகாரக்காரர் இருக்கிறார். கடை என்று சொல்வது உபசாரம். ஒரு மாடிப்படியின் அடிப்பக்கம். கைக்கடிகாரம் கட்டுகிறவர்களே குறைந்துவிட்டார்கள், கட்டுகிறவர்களும் பேட்டரி மாற்றத்தான் வருகிறார்கள். பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தவர், அதற்குள் காந்தம் என்றதும் மேசையிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். "ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சார், வாட்ச் தலைதெறிக்க ஓடும்." மடியில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வைத்துக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றினார். இடுக்கியைக் கொண்டுபோனால் ஊசி இடுக்கியோடு வந்து ஒட்டியது. சிரித்துக்கொண்டு அதைக் கீழே போட்டுவிட்டு, மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார்.

ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். ஊசியின் தெற்குக் கையில் ஏதோ அழுக்கு என்று நான் சொன்னேன். சின்ன வயதிலிருந்து அந்தக் கறுத்த தடிப்பை நான் பார்த்திருக்கிறேன், துரு என்றே நினைத்திருந்தேன். "அழுக்கில்லை சார். கம்பி. மயிர் போன்ற செப்புக் கம்பி. ஏழு சுற்று. யாரோ வேண்டுமென்றே சுற்றியிருக்கிறார்கள்." லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பச்சை பிடித்திருந்தது, ஆனால் சுற்று சுற்றாக, நெருக்கமாக, முடிச்சில்லாமல். "பாலன்ஸ் வீலில் ஒரு பக்கம் கனம் குறைந்தால் நாங்கள் இப்படித்தான் பாரம் வைப்போம். இது சரிக்கட்டுவதற்கு வைத்த பாரம்."

எதைச் சரிக்கட்ட? அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். பதில் அந்த மாடிப்படியின் அடியிலேயே வந்துவிட்டது. லண்டனில் காந்தச் சரிவு அறுபத்தாறு டிகிரியை ஒட்டியது. அங்கே புலம் தரையோடு ஓடுவதில்லை, தரைக்குள் பாய்கிறது. அங்கே ஒரு திசைகாட்டி ஊசியைச் சமமாக முனையில் நிறுத்தினால் வடக்கு முனை குப்புற விழும். அது விழாமல் இருக்கத் தெற்குக் கையில் பாரம் வைக்க வேண்டும். காந்தம் வடக்கைக் கீழே திருப்பப் பார்க்கிறது, புவியீர்ப்பு தெற்குப் பாரத்தைக் கீழே இழுக்கிறது; இரண்டின் திருப்புத்திறனும் சமமானால் ஊசி மட்டமாக நிற்கும். தராசுதான். ஒரு தட்டில் பூமியின் காந்தம், மறு தட்டில் செப்புக் கம்பி. அந்தத் தராசைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் மலையில் வைத்தார்கள். இங்கே காந்தத் தட்டு ஏறக்குறையக் காலி. கம்பி மட்டும் தன் கனத்தோடு இருக்கிறது. தெற்கு தாழாமல் என்ன செய்யும்?

இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். வடக்கு தாழ்ந்து போகிறது, அதனால் தெற்கே ஒரு பாரத்தை வைத்துச் சமன் செய்கிறார்கள் என்றேன். கடிகாரக்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அகத்தியர் கதைதானே சார்" என்றார்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. கயிலையில் சிவன் கல்யாணத்துக்கு உலகமே கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். குழந்தைக்கும் தெரிந்த கதை. அகத்தியர் சொல்லி இடும்பன் இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்து பழனியில் இறக்கிவைத்த கதையும் அதன் தொடர்ச்சிதான். காவடியும் தராசும் ஒன்றே என்பது தைப்பூசத்துக்கு நடக்கிற எந்தத் தோளுக்கும் தெரியும். புராணத்தில் அறிவியல் இருக்கிறது என்று மார்தட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை, அந்த வகைக் கட்டுரைகளைப் படித்தால் எனக்குத் தலைவலி வரும். இந்தக் கதைக்கும் காந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நான் பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு, ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரே எட்டில் வந்துவிட்டார். அதுதான் என்னை வாயடைக்க வைத்தது. தற்செயல் என்றால் இன்னொரு தற்செயலையும் சொல்ல வேண்டும்: திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன், 1850களில் பூமியின் காந்தத்தை அளக்க உச்சியில் ஒரு கூடம் கட்டியது அகத்தியமலையில்தான்.

கம்பியை வெட்டி எறிந்துவிடவா என்று கடிகாரக்காரர் கேட்டார். வேண்டாம், நடுவுக்குத் தள்ளுங்கள் போதும் என்றேன். பாரத்தை எடுக்கத் தேவையில்லை, நெம்புகோலின் கையைக் குறைத்தால் போதும். ஈர்க்கின் நுனியால் நூலிழை நூலிழையாகத் தள்ளினார். வைத்துப் பார்த்தார், தெற்கு தாழ்ந்தது. இன்னும் தள்ளினார். மீண்டும். ஊசி நிற்கிற முனைக்கு வெகு அருகில் கம்பி வந்தபோது ஊசி நிமிர்ந்தது. எவ்வளவு கனம் இருக்கும் என்று பின்பு வீட்டில் உட்கார்ந்து தோராயமாகக் கணக்குப் போட்டேன். அந்த அளவு ஊசிக்கு, ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், பத்து மில்லிகிராமை ஒட்டி வருகிறது. மூன்று எள். அந்த மூன்று எள்ளுக்காகத்தான் என் குறிப்பேட்டில் சிவப்பு மை விழுந்தது.

எந்த ஊர்ப் பிழை

இந்தச் சரிவைக் கண்டுபிடித்ததே ஒரு கோபத்தில்தான். லண்டனில் ராபர்ட் நார்மன் என்று ஒரு திசைகாட்டி செய்பவர் இருந்தார். ஊசியை முதலில் சமமாக நிறுத்திவிட்டு, பிறகு காந்தக் கல்லில் தேய்ப்பார். தேய்த்தபின் ஒவ்வொரு முறையும் வடக்கு முனை தாழும். அவரும் மெழுகு வைத்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை அரும்பாடுபட்டுச் செய்த ஊசியைச் சரிசெய்ய முனையை வெட்டப்போய், அதிகம் வெட்டிவிட்டுப் பாழாக்கினார். எரிச்சல் வந்தது. இது ஏன் இப்படி என்று உட்கார்ந்து அளந்து, 1581இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நானும் பேரனும் தொட்டியில் செய்ததை அவர் இன்னும் நேர்த்தியாகச் செய்திருக்கிறார்: தக்கையில் ஊசியைச் செருகி, மேலேயும் வராமல் அடியிலும் போகாமல் தண்ணீருக்குள் நிற்கும்படி தக்கையைச் சீவி, அதன் பிறகு காந்தம் ஏற்றினார். ஊசி சரிந்தது. ஆனால் ஆழத்துக்கும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. இழுப்பில்லை, திருப்பல்தான் என்பதற்கு அன்றே சாட்சி. அவருக்குப் பிறகு 1600இல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்றார். உருண்டையாகக் கடைந்த காந்தக் கல்லின் மேல் சிறு ஊசியை நகர்த்தி, நடுவில் படுத்தும் துருவத்தில் நிமிர்ந்தும் அது நிற்பதைக் காட்டினார்.

நார்மன் கொடைக்கானலில் கடை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். எதுவும் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஊசியைத் தேய்ப்பதற்கு முன்னும் மட்டம், பின்னும் ஏறக்குறைய மட்டம். எரிச்சலே வந்திருக்காது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. நாங்கள் அதற்குச் சற்று வடக்கே இருக்கிறோம். என் வாத்தியார் நூலில் கட்டிய காந்தம் மட்டமாக நின்றதற்கு ஒரு காரணம் அதைச் சட்டகத்தில் படுக்க வைத்துக் கட்டியது. இன்னொரு காரணம் அது இந்த ஊர் என்பது. புத்தகத்தின் அந்த வாக்கியம் லண்டனில் பாதி உண்மை, டெல்லியில் ஊசி நாற்பது டிகிரிக்கு மேல் சரிவதால் முக்கால் உண்மை என்று வைத்துக்கொள்ளலாம், எங்கள் மலையில் ஏறக்குறைய முழு உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று சொல்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. அதைவிட எனக்கு வியப்பு, அதே மலையின் உச்சியில், பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அதைச் சொல்லக்கூடிய ஒரு கூடம் இருந்தது. சென்னையிலிருந்து 1899இல் இங்கே வந்த சூரிய ஆய்வுக்கூடத்தை எல்லோரும் சூரியப் புள்ளிகளுக்காகத்தான் அறிவார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். ஆனால் அதே கூடம் பூமியின் காந்தத்தையும் அளந்து பதிந்துகொண்டிருந்தது. காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது அந்த அளவீடுகளுக்கு ஒரு வாய்ப்பு. பகலில், தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. 1951இல் சிட்னி சாப்மன் அதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார். உச்சிப் பொழுதில் அது எங்கள் ஊர்க் காந்தப்புலத்தைச் சற்றே கூட்டிவிடும், மாலையில் இறங்கிவிடும். நாங்கள் மதியச் சோறு உண்கிற நேரத்தில் தலைக்கு மேல் அப்படி ஓர் ஆறு ஓடுகிறது. பள்ளியிலிருந்து எங்களை அந்தக் கூடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போனார்கள். தொலைநோக்கியைப் பார்த்தோம், வரிசையாக நின்றோம், ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துத் திருப்பி அழைத்துவந்தார்கள்.

இன்னொன்றும் பேரன்தான் கண்டுபிடித்தான். இங்கிலாந்தின் கிடைத்தளக் கூறு இருபது மைக்ரோடெஸ்லாவை ஒட்டியது. மொத்தப் புலம் அங்கே வலிமையானதுதான், ஆனால் பெரும்பகுதி தரைக்குள் இறங்கி வீணாகிறது. எங்களுக்கு நாற்பது. அதாவது திசை காட்டுகிற வேலைக்கு உதவுகிற விசை இங்கே இரண்டு மடங்கு. அலைவு நேரம் வர்க்கமூலத்தில் குறையும் என்பதால், இதே ஊசி அங்கே பத்து முறை ஆடுகிற நேரத்தில் இங்கே பதினான்கு முறை ஆடும். துரையின் வடக்குப் பெட்டிக்கு இந்த மலை பிடிக்கவில்லை என்பது தலைகீழ். பெட்டிக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. மூன்று எள் குறைத்து வைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

பேரன் ஊருக்குப் போகுமுன் ஒரு காலை, மழை விட்டிருந்தது. கல் மேடையில் பெட்டியை வைத்து ஊசியை ஈர்க்கால் தட்டிவிட்டு அலைவுகளை எண்ணினோம். அவன் கைபேசியில் நேரம் பார்த்தான், நான் எண்ணினேன். இரண்டு முறை எண்ணிக்கை தவறியது. மூன்றாம் முறை அவன் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, "வடக்கு எது என்று நீங்கள் பாருங்கள்" என்றான். வாங்கியவுடன், நினைக்காமலே, என் மணிக்கட்டு அப்பா காட்டிய மாதிரி தெற்குப் பக்கமாகச் சாய்ந்தது. வடக்கு முனை முகப்பில் உரசி நின்றது. பேரன் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து மட்டமாக்கினான். ஊசி ஆடத் தொடங்கியது.